ஆற்றிற் செல்லுதலும் ஆற்றில் நிற்றலும்

ஆற்றின்வழியே நெடுந்தூரஞ் செல்லுதற்குப் படகைச் செலுத்துந் திறமையொன்றே போதுமென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். செலுத்துதலினும் நிறுத்துதலே அரிதென்பதை அமெரிக்க நாட்டுத் தம்பதிகள் இருவரின் வரலாறு நமக்குத் தெளிவாக்குகின்றது. அவர்கள் ஓவியராகிய ஹார்லன் ஹப்பர்டும் அவர்தம் மனைவியார் அன்னாவும் ஆவர்.

ஹார்லன் 1900-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அன்னா அம்மையார் ஸின்ஸினாட்டி நகரத்துப் பொது நூல்நிலையத்திற் பணியாற்றியவர். இருவரும் 1943-இல் மணம் புரிந்துகொண்டனர். அடுத்த ஆண்டில், கெண்டக்கி மாகாணத்துப் ப்ரெண்ட் என்னுஞ் சிற்றூரில், ஒஹையோ ஆற்றங்கரையில் தங்கித் தம் கையாலேயே ஒரு வீட்டுப்படகு கட்டலாயினர். அதற்கு இயந்திரமில்லை. நீரோட்டமே அதனைக் கொண்டுசெல்லும். நெறிப்படுத்தற்குத் துடுப்புக்கள் உதவும். 1946-ஆம் ஆண்டு டிஸம்பரிற் புறப்பட்ட அப்படகு, ஒஹையோ மிஸிஸிப்பியிற் கலக்கும் கெய்ரோவைக் கடந்து, 1950-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தது. லூயிஸியானாவின் சதுப்பு நீர்வழிகளில் மேலும் உலவியபின், 1951-இற் பயணம் முடிவுற்றது.

இடைவிடாது மிதந்து சென்றிருப்பின் சில மாதங்களிற் கடக்கத்தக்க வழிக்கு ஆண்டுகள் பல ஆனதென்னை? நீர் மிகுந்தோடும் குளிர்காலத்திலும் இளவேனிற்றொடக்கத்திலுமே அவர்கள் மிதந்தனர். கோடையிற் கரைசேர்ந்து, தோட்டமிட்டுக் காய்கறி விளைத்தனர், மீன் பிடித்தனர். ஆகவே, அவர்கள் சென்ற நாட்களினும் நின்ற நாட்களே மிகுதி.

நிற்றல் எளிதன்றோ எனின், அன்று. நங்கூரம் தன் கனத்தால் மட்டும் படகை நிறுத்துவதில்லை. அதன் கூரிய முனை ஆற்றடி மண்ணிற் புதைந்து பற்றுதலாலேயே படகு நிற்கின்றது. வடம் செங்குத்தாயிருப்பின், இழுக்குந்தோறும் நங்கூரம் மேலே பெயர்க்கப்படும். நீண்டு சாய்ந்து கிடப்பின், அவ்விழுப்பே முனையை மேலும் புதைக்கும். ஆதலின் ஆழத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வடம் விடுதல் வழக்கம். 10 அடி ஆழத்திற்கு 70 அடி வேண்டும். ஓடுகின்ற ஆற்றிற் படகின் முன்தலையிலிருந்தே நங்கூரம் இடல்வேண்டும். பின்புறத்திலிட்டால் நீர் மோதி உட்புகுந்து படகை அமிழ்த்தவுங் கூடும்.

கரையோர மரத்திற் கயிறு பிணித்து நிற்பார்க்கோ வேறொரு கவலையுண்டு. ஆறு ஏறும், இறங்கும். இறங்குங்கால் கவனியாது விட்டால், படகு சேற்றிற் படிந்து சாய்ந்துவிடும். ஏறுங்கால் குறுங்கயிறு இறுகிப் படகை ஒருபுறமாகத் தாழ்த்தும், அன்றேல் அறுந்துபோம். ஒஹையோவின் ஏற்றமோ சிறிதன்று. 1937-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸின்ஸினாட்டியில் அதன் நீர்மட்டம் ஏறக்குறைய 80 அடியை எட்டிற்று. இத்தகைய ஆற்றில் தங்குவோர் உறங்கும்போதும் ஒரு செவியை நீரின்பாலே வைத்திருத்தல்வேண்டும். கயிற்றை நெகிழ்த்தலும் இறுக்குதலும் காலமறிந்து செய்யப்படல்வேண்டும்.

இவ்விடத்து அன்னா அம்மையாரை நாம் சிறப்பாக நினைத்தல் தகும். நகரத்தையும் நூல்நிலையத்தையும் விட்டு, நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு சிற்றறைக்குட் குடிபுகுந்தவர் அவர். இருவருள் ஒருவர் மனம் ஒவ்வாதிருப்பின் அப்படகு முதற் குளிர்காலத்தையுங் கடந்திராது. அவர்களோ மாலைதோறும் நூல்களை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டினர். தந்தியிசைக்கருவிகளை உடன்கூடி வாசித்தனர். படகு நின்றவிடமெல்லாம் வீடாயிற்று.

பயணத்தின் முதற்கோடையில் அவர்கள் தங்கிய இடம் கெண்டக்கியிலுள்ள பேன் ஹாலோ என்பது. பல நூறு மைல் சென்று திரும்பியபின், 1952-இல் அவ்விடத்திலேயே வீடு கட்டி, மின்விளக்குமின்றி வாழ்ந்தனர். அம்மையார் 1986-லும், ஹார்லன் 1988-லும் மறைந்தனர். விரைந்து கடந்த கரைகளுள் ஒன்றன்று, தங்கி உழுது பயிரிட்ட கரையே அவர்களைத் திரும்ப அழைத்தது.

மாணவராகிய நாம் ஒரு நூலினின்று மற்றொன்றிற்கும், ஓராண்டினின்று மற்றோராண்டிற்கும் விரைந்து செல்கின்றோம். எத்துணை நூல் கடந்தோம் என எண்ணுகின்றோமேயன்றி, எதன்கண் தங்கினோம் என எண்ணுகின்றிலோம். வடத்தை நீள விட்டு, ஓரிடத்திற் பொறுமையுடன் நிற்கும் அப்பயிற்சியே நாம் இத்தம்பதிகள்பாற் கற்கத்தக்கது.