அடுக்களைப் புகையும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியும்

காற்று மாசு என்ற பேச்செழுந்தால், நகரத்துப் பேருந்துகளும் ஆலைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. நாட்டுப்புறத்துக் காற்று தூயது என்பது நெடுநாளைய நம்பிக்கை. வயல் வரப்பில் நிற்பவருக்கு அது ஓரளவு பொருந்தும். விறகடுப்பு எரியும் அடுக்களையில் கால் மணி நேரம் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தாது.

இது வெறும் ஊகமன்று, அளந்தறிந்த செய்தி. சென்னையில் உள்ள இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விறகு, வறட்டி முதலியவற்றை எரிக்கும் வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள்கள் இருந்தன. நாள் முழுவதற்கும் சராசரி கண்டபோது, சமைக்கும் பெண் சுவாசித்தது 231 மைக்ரோகிராம். அடுப்பருகே செல்லாதவர் சுவாசித்தது 90. அளக்கும் துகளின் பருமனில் சிறு வேறுபாடு உண்டெனினும், நம் நாட்டில் ஒரு நாளுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 60 என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வரம்போ 15 மட்டுமே. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பூதும் தாய்மார்களை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா?

அண்மைக் காலத்தில் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி கிராமங்களையும் எட்டிப் பார்க்கத் தொடங்கியுள்ளது. நகரத்தில் பணிபுரியும் பிள்ளைகள், ஆஸ்துமாவால் துன்புறும் பெற்றோருக்கு இதனை வாங்கித் தருகின்றனர். அன்பின்பாற்பட்ட செயலே, ஆயினும் கருவியின் இயல்பை அறிந்து வாங்குதல் நலம். இதனுள் ஒரு மின்விசிறியும், நெருக்கமான இழைகளாலான ஒரு வடிகட்டியும் உள்ளன. ‘ஹெப்பா’ எனப்படும் உயர்தர வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுத்து நிறுத்த வல்லது. கரி அடுக்கும் சேர்ந்திருப்பின் நாற்றமும் சில வாயுக்களும் ஓரளவு குறையும். ஆனால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை இது அகற்றாது. மூடிய அறையில் கரிக்கணப்பை வைத்துக்கொண்டு இக்கருவியை நம்பியிருப்பது உயிருக்கே உலை வைப்பதாகும்.

அன்றியும், இக்கருவி மூடிய அறைக்கென அமைந்தது. நாட்டு ஓடு வேய்ந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டிய வீட்டில் இது ஓயாது சுழலுமேயன்றிப் பயன் சிறிதே. என் ஒன்றியத்து வீடொன்றில் கருவியை அடுக்களை வாயிலருகே வைத்திருந்தனர். இரண்டே மாதங்களில் வடிகட்டி அடுப்புக் கரி போலக் கறுத்துவிட்டது. புது வடிகட்டியின் விலையைக் கேட்ட முதியவர் கருவியைத் துணியால் மூடி வைத்துவிட்டார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் காற்றை வடிகட்ட முயல்வது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே. ஓசோன் வாயுவை வெளிவிட்டுக் காற்றைத் தூய்மை செய்வதாகக் கூறும் கருவிகளை அறவே தவிர்க்க வேண்டும். ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு பயப்பது. காங்கிரீட் தளமும் கதவடைப்பும் கொண்ட படுக்கையறையில், நோயாளி உறங்குமிடத்தில், நல்ல கருவி பயன் தரும் என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படுக்கையறையிலும் ஒரு பகைவன் உண்டு. அதுவே கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்கு நுண்துகள் எழும்புகிறது என 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பீடியைத் தொடாத குடும்பம், சன்னலை அடைத்துச் சுருளைக் கொளுத்திக் குழந்தையை உறங்க வைக்கிறது! நல்ல கொசுவலையின் விலை, சுத்திகரிப்புக் கருவியின் விலையில் மிகச் சிறு பகுதியே.

இனி அடுப்பைக் கவனிப்போம். புகையற்ற அடுப்பு புதிதன்று. 1953-லேயே ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு இது குறித்து நூல் வெளியிட்டார். 1980-களில் மத்திய அரசு நாடெங்கும் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்ப முனைந்தது. அடுப்புகள் கட்டப்பட்டன, புகைபோக்கியைத் துடைப்பார் இல்லை. கரி படிந்து குழாய் அடைபட்டதும் புகை மீண்டும் வீட்டிற்குள்ளேயே திரும்பிற்று. ஆதலின் புகைபோக்கி வைத்திருப்போர் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் அதனைத் தட்டித் துடைக்க வேண்டும். குழாயின் வாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்றடி உயர்ந்திருத்தலும், கீற்றுக் கூரையில் குழாய் படாதிருத்தலும் அவசியம். ஈர விறகு புகையை இருமடங்காக்கும். மழைக்கு முன்னரே விறகை உலர்த்தி அடுக்கிக் கொள்க.

எரிவாயுவே மேலானது என்பதில் ஐயமில்லை. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இடம் பெற்றன. அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகப் பெற்றவர் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய 24 மைக்ரோகிராம். விறகிலேயே சமைத்தவர் சுவாசித்தது 71. எனினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை என 2022-இல் அறிவித்தனர். இதைக்கொண்டு எரிவாயு வீணென்பார் சொல்லை நான் ஏற்பதில்லை. கருவுற்ற பின்னர்த் தொடங்குவது காலங்கடந்த செயலாய் இருக்கலாம். மணமாகி வரும் பெண்ணுக்கு முதல் நாளிலேயே புகையற்ற அடுக்களை வேண்டும் என்பதே என் கருத்து.

2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவர்களிலும், தேநீருக்கு எரிவாயு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என வகுத்துக் கொண்டோர் பலர். மறு உருளைக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு ஆண்மகனிடமும், புகையை விழுங்கும் பொறுப்பு பெண்ணிடமும் இருக்கும் வரை இப்பிரிவினை நீடிக்கும். இயலாதோர் வெந்நீர் அடுப்பையாவது வீட்டிற்கு வெளியே, சன்னலுக்கு எதிராக அமையாதபடி, காற்றடிக்கும் திசை பார்த்து இவ்வாரமே மாற்றிக் கட்டலாம். அதற்குச் செலவு சில செங்கற்களும் ஒரு கூடை மண்ணுமே.