கத்திக்குப் பாட்டுக் கட்டாதே, தம்பி

தம்பி, நீ கொடுத்துவிட்டுப் போன கதையை நிதானமாக வாசித்தேன். நம் ஏரிக்கரைப் பையன்கள் நாலு பேர், தீராத ஒரு கடன், ஒரு கத்தி, நடுநடுவே கிடார் அதிரும் ஆறு பாட்டு. கதை நன்றாக ஓடுகிறது. எழுத்து உனக்குக் கைவந்திருக்கிறது. தோணிரேவில் பிறந்த பிள்ளை பழவேற்காட்டைப் படமெடுக்கக் கிளம்பியிருக்கிறான் என்பதைவிட இந்தக் கிழவனுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

கோடம்பாக்கத்து ரீரெக்கார்டிங் கூடங்களில் மைக் நிறுத்தி, ஒயர் சுருட்டி வயதைக் கழித்தவன் நான். படம் இயக்கத் தெரியாது. ஆனால் இசை சேருவதற்கு முன் ஒரு காட்சி எப்படி இருந்தது, சேர்ந்தபின் என்னவாக மாறியது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன். கெட்டிக்காரர்கள் தடுக்கி விழுந்ததையும் பார்த்தேன், எழுந்து நடந்ததையும் பார்த்தேன். அதிலிருந்து உனக்குச் சிலது சொல்கிறேன், கேள்.

1. அவசரப்படாதே. 1961இல் தைவானின் தைபே நகரில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஒரு மாணவியைக் குத்திக் கொன்றான். எட்வர்ட் யாங்குக்கு அப்போது பதின்மூன்று வயது, அவரும் அதே ஊர்ப் பையன். பிற்பாடு அவர் அமெரிக்காவில் கணினி வேலை பார்த்தார், ஊர் திரும்பினார், இயக்குநர் ஆனார். அந்தக் கொலையை 1991இல்தான் படமாக்கினார். ‘எ பிரைட்டர் சம்மர் டே’ என்ற அந்தப் படம் ஏறக்குறைய நாலு மணி நேரம் ஓடும். முப்பது வருஷம் மனசில் கிடந்த சம்பவம் அது. அதனால்தான் அதைப் பார்க்கும்போது செத்தவளுக்காகவும் நெஞ்சு வலிக்கிறது, கொன்றவனுக்காகவும் வலிக்கிறது. முப்பது வருஷம் காத்திரு என்று உன்னைச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பேப்பரில் படித்த கொலையை ராத்திரிக்குள் கதையாக்காதே. முதலில் கோபம் ஆறட்டும், ஆச்சரியமும் ஆறட்டும். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் துக்கத்திலிருந்து எழுத ஆரம்பி.

2. பையனைப் பார்க்குமுன் வீட்டைப் பார். யாங்கின் படத்தில் அப்பா ஓர் அரசாங்க ஊழியர். மகனுக்கு அநியாயம் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து வாதாடுகிறார். பிறகு ரகசியப் போலீஸ் அவரைக் கூட்டிப்போய் விசாரிக்கிறது. திரும்பி வந்தவர் அதே பள்ளிக்கூடத்தில் குழைந்து கெஞ்சுகிறார், மகன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். பையன் உடைவது அங்கேதான். நம் ஊரிலும் யோசித்துப் பார். முகத்துவாரம் மண்மூடினால் ஏரிக்குள் கடல்தண்ணீர் ஏறாது, இறாலும் வராது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்த்துவிட்டது. வலையை மடித்து வைத்துவிட்டு ஒப்பந்தக் கூலிக்கு அலையும் அப்பாவை மகன் தினமும் பார்க்கிறான். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘கூடாத சேர்க்கை’ என்று ஒரு வார்த்தையில் கதையை முடித்துவிடாதே.

3. அவர்கள் கேட்கும் பாட்டை நீயும் உட்கார்ந்து கேள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் பையன்கள் கரையில் கவிழ்த்துவைத்த படகில் சாய்ந்து கிடப்பார்கள். ஈரம் படாமலிருக்க பாலிதீன் உறையில் சுற்றிய செல்போன், அதை வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேனுக்குள் வைத்தால் சத்தம் கூடும். இளையராஜா வருவார், கானா வரும், ஜெபப் பாட்டு வரும், எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் பாட்டும் வரும். தைபே பையன்களும் இப்படித்தான். அந்தப் படத்தில் ஒரு சின்னப் பையன் கீச்சுக்குரலில் எல்விஸ் பிரெஸ்லியைப் பாடுவான். அவனுக்காக நண்பனின் அக்கா ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு வரிகளை எழுதிக் கொடுப்பாள். பாஷை புரியாத பாட்டில் அந்தப் பிள்ளைகள் மூச்சுவிட ஓர் இடம் தேடினார்கள். உன் பையன்கள் எந்தப் பாட்டில் மூச்சு விடுகிறார்கள் என்று தெரிந்துகொள். அதற்குப் பிறகு இசையமைப்பாளரிடம் போ.

4. இசை யார் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் கேள். ஒரு படத்தின் ரீரெக்கார்டிங். இருபது வயதுப் பையன் ஒருவன் சந்தில் வைத்து இன்னொருவனைக் குத்துகிறான். டிரம்ஸும் எலக்ட்ரிக் கிடாரும் வாசித்து முடித்ததும் கூடமே கைதட்டியது. வயலின்காரர் ஒருவர் மட்டும் வில்லை மடியில் வைத்துவிட்டு, “குத்தினவனுக்கு வாசிச்சாச்சு. குத்துப்பட்டவனுக்கு யார் வாசிக்கிறது?” என்றார். இசையமைப்பாளர் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரம்ஸை எடுத்துவிட்டார். விழுந்தவனின் செருப்பு ஒன்று கழன்று கிடக்கும் ஷாட் வரை சத்தமே இல்லை, அங்கே ஒற்றை வயலின் மட்டும். அதே காட்சிதான், இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ராக் இசைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. இளசுகளின் ஆத்திரத்தை அதைப்போலச் சொல்ல வேறு இசை குறைவு. அந்த ஆத்திரத்துக்கு வாசி, கத்திக்கு வாசிக்காதே.

5. எங்கே வாசிக்கக் கூடாது என்றும் படி. தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வந்தது. வடசென்னைத் தாதாக்கள் கதை, ஆனால் அதற்கென்று எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும். அதே யுவன் 2006இல் செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’க்குத் தாய்லாந்து நாட்டுப் பெரிய வாத்தியக் குழுவை வாசிக்கவைத்தவர். அந்தப் படத்தில் தெருவில் பிச்சை எடுத்த பையனுக்கு ஒரு ராஜாவுக்கு வாசிப்பதுபோல் அத்தனை வாத்தியங்கள். ஒரு படத்துக்கு அள்ளிக் கொடுத்தவர் இன்னொரு படத்துக்குக் கையை மடக்கிக்கொண்டார். கதை என்ன கேட்கிறதோ அதைக் கொடுப்பதற்கு அடக்கம் வேண்டும். உன்னிடம் ஆறு பாட்டு இருக்கிறது என்பதற்காக ஆறையும் வைக்காதே.

6. இசையை எடுத்தால் இசைக்காரனையும் மேடையேற்று. மரண கானா சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிப் பிறந்த பாட்டு. துக்க வீட்டுக்காரர்களின் பாரத்தைப் பாடுகிறவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். சினிமா அதை ரொம்ப நாள் குத்துப்பாட்டாகத்தான் எடுத்துக்கொண்டது. பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014இல் வந்தபோது கானா பாலா அதில் பாடினார், திரையிலும் நின்றார். 2018 ஜனவரியில் இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைச் சென்னையில் மேடையேற்றினார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. அதில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கத்தி தூக்காமலே ஒரு சனத்தின் கோபத்தைக் கிடாரில் சொல்லலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். நம் பக்கத்துக் கிழவி ஒருத்தியின் ஒப்பாரியை நீ பதிவு செய்தால் அன்றைக்கே காசைக் கையில் கொடு, டைட்டிலில் பெயரைப் போடு. கூலியை நாளைக்கு என்று தள்ளுகிறவனுக்குக் கலை நிலைக்காது.

7. ஊர் முகம் சுளித்தால் காது கொடு. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018 அக்டோபரில் வந்தது. கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன் கொலைக்குள் இழுபடும் கதை. கடற்கரைக் குப்பத்தைப் பெயர்த்துவிட்டுச் சாலை போட வருகிறவர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களின் வயிற்றெரிச்சலை அந்த அளவுக்கு உரக்கச் சொன்ன படம் அபூர்வம். ஆனாலும் படகில் வரும் ஒரு காட்சி மீனவ மக்களின் மனசைப் புண்படுத்தியது. அவர்கள் எதிர்த்தார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்துக் காட்சியை நீக்க ஒப்புக்கொண்டார். அதனால் அவர் மதிப்பு என் கண்ணில் கூடியதே தவிரக் குறையவில்லை. படகு நமக்குச் சோறு, சிலருக்குச் சாமி. ஏரியில் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கும் நம் பெண்களை நீ படமெடுக்கும்போது, அவர்களிடம் கேட்டுவிட்டுக் கேமராவைத் திற. ஆழம் பார்த்துக் காலை வை, ஆள் பார்த்து ஷாட் வை.

8. கொலைக்குப் பிறகு வரும் நாளையும் காட்டு. சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ 2008இல் வந்தது, 1980ஆம் வருஷத்து மதுரைதான் கதைக்களம். அழகரும் துளசியும் கண்ணால் பேசும் இடங்களில் அந்தக் காலத்து ‘சிறு பொன்மணி’ ஒலிக்கும், பார்க்கிற நமக்கே பதினெட்டு வயது திரும்பும். ஆனால் படம் தொடங்குவது அங்கே இல்லை. பல வருஷம் சிறையில் கிடந்து வெளியே வரும் ஒருவனைச் சிறை வாசலிலேயே குத்துகிறார்கள், அங்கேதான் தொடங்குகிறது. அத்தனை வருஷம் போயும் கத்தியின் கணக்கு முடியவில்லை. இதை முதலிலேயே காட்டிவிட்டுப் பிறகுதான் சினேகிதத்தையும் காதலையும் பாட்டையும் கொடுக்கிறார் சசிகுமார். உன் கதையில் மூன்றாவதாகச் சாகிற பையனுக்குப் பெயர்கூட இல்லை. அவனுக்குப் பெயர் வை. அவன் வீட்டு வாசலைக் காட்டு. மறுநாள் அந்த வீட்டில் உலை வைத்தார்களா இல்லையா என்று யோசி.

9. நடிக்க வரும் பிள்ளைகளுக்கு நீதான் பொறுப்பு. யாங் அந்தப் படத்தில் நடிப்பறியாத பிள்ளைகளை ஏராளமாகச் சேர்த்து நீண்ட பயிற்சி கொடுத்தார். நாயகனாக நடித்த சாங் சென்னுக்கு அதுதான் முதல் பெரிய வேடம். அப்பாவாக நடித்தவர் அவருடைய சொந்த அப்பா. அந்தப் பிள்ளை இன்றைக்கு உலகம் அறிந்த நடிகர். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. நம் ஊர்ப் பையனுக்கு ரவுடி வேஷம் கொடுத்தால், படம் முடிந்த பின்னும் ஊரும் போலீஸும் அவனை அந்த வேஷத்திலேயே பார்க்கக்கூடும். அதனால் நடிக்கக் கூப்பிடும்போதே அவன் அம்மாவிடம் கதையைச் சொல். பரீட்சை நாளில் படப்பிடிப்பு வைக்காதே. உனக்குப் போடும் அதே சாப்பாட்டை அவனுக்கும் போடு. படம் வந்த பிறகு மாதம் ஒருமுறையாவது அவன் என்ன செய்கிறான் என்று விசாரி.

10. கைதட்டலை வைத்து உன்னை அளக்காதே. ‘புதுப்பேட்டை’ வந்த நாளில் பலர் முகம் திருப்பினார்கள், இன்றைக்கு அதைக் கொண்டாடாத இளைஞன் குறைவு. யாங்கின் படத்தை வெளிநாட்டுக்காரர்கள் பலர் நல்ல பிரதியில் பார்க்கவே பல வருஷம் ஆனது. 2007இல் அவர் காலமானார், அதற்குப் பிறகுதான் படத்தைச் சீரமைத்தார்கள். பேர் வரும்போது வரட்டும். ஆனால் ஒன்றை மட்டும் கவனி. கத்தி தூக்கும் காட்சியில் விசில் பறந்து, அம்மா அழும் காட்சியில் தியேட்டர் சிரித்தால், குற்றம் சனத்தின்மேல் இல்லை. இசையையும் எடிட்டிங்கையும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்.

இவ்வளவுதான், தம்பி. கேமராவும் கிடாரும் இன்றைக்கு யாருக்கும் கிடைக்கும். வழி தவறிப்போன பிள்ளையைத் திட்டாமலும், தோளில் தூக்கிவைத்து ஆடாமலும் பார்க்கிற மனசு சுலபத்தில் கிடைக்காது. அதை நீதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். படம் முடிந்ததும் முதல் காட்சியைத் தோணிரேவிலேயே போடு. திரையைப் பள்ளிக்கூட மைதானத்தில் கட்டு. பையன்களைப் பின்னால் நிற்கச் சொல், அவர்களின் அம்மாக்களை முன்வரிசையில் உட்காரவை. அந்தப் பெண்கள் கடைசிவரை எழுந்து போகாமல் பார்க்கக்கூடிய ஒரு படத்தை எடு.