காளத்தி வேடனும் ஹாலிவுட்டும்

அமெரிக்கப் படத்துறைக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நம் விடுதியில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். பேச்சுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் மிகுதியான வசூல் பெற்ற பத்துப் படங்களை எடுத்து நோக்குங்கள். மக்கள் முன்பே அறிந்த கதையையோ பாத்திரத்தையோ சார்ந்து நில்லாத படம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1994இல் கார்ட்டூனாக வந்த ‘லயன் கிங்’ அவ்வாண்டில் புதுத் தோல் போர்த்து மீண்டும் வந்தது. அன்று அதைக் கண்ட சிறுவன் இன்று தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வருவான். இதுவே முதலாளியின் கணக்கு. பெருந்தொகையைப் போடுகிறவன் அறிமுகமான பெயரை நாடுவது வணிக இயல்பு.

ஆனால், சொன்னதையே திரும்பச் சொல்லுதல் தன்னளவில் குற்றமாகுமா? இதை ஆராயக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. பொன்முகலி ஆற்றங்கரையிலுள்ள காளஹஸ்திக்குச் சென்றால் போதும். கோயிலை ஒட்டிய குன்றின்மீது கண்ணப்பருக்குத் தனிச் சந்நிதி உண்டு. சென்ற ஆண்டு நானும் நண்பர்கள் இருவரும் அக்குன்றின் மேல் அமர்ந்து, இந்த வேடனின் கதை எத்தனை முறை படமாயிற்று என்று விரல்விட்டு எண்ணினோம்.

1954இல் எச். எல். என். சிம்ஹா கன்னடத்தில் ‘பேடர கண்ணப்பா’ எடுத்தார். ராஜ்குமார் கதாநாயகரானது அதில்தான். அவ்வாண்டே அது ‘காளஹஸ்தி மகாத்மியம்’ என்று தெலுங்கிலும் வந்தது. 1976இல் பாபு இயக்கத்தில் கிருஷ்ணம்ராஜு நடித்த ‘பக்த கண்ணப்பா’. 1988இல் கன்னடத்தில் மீண்டும் ஒன்று. இதில் ராஜ்குமாரின் மூத்த மகன் சிவராஜ்குமார் கண்ணப்பர். இளைய மகன் புனீத் சிறு வயதுக் கண்ணப்பர். 1954இல் வேடனாக வந்த தந்தையோ சிவபெருமான்! 2025இல் விஷ்ணு மஞ்சு நடித்த ‘கண்ணப்பா’ வந்தது. அதில் தோன்றிய பிரபாஸ், கிருஷ்ணம்ராஜுவின் உடன்பிறந்தாருடைய மகன். பழைய முகத்தின் நிழலைக் காட்டி நெஞ்சை உருக்கும் இந்த வித்தையை ஹாலிவுட்டிடம் நாம் கற்றதாகச் சொல்ல முடியுமா?

திரைக்கு முன்பும் இதே நிலைதான். நக்கீரதேவரும் கல்லாடதேவரும் இவ்வேடனை ஆளுக்கொரு ‘திருமறம்’ பாடினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் மீண்டும் பாடினார். யாவரும் அறிந்த கதை என்று அவர் சுருக்கவில்லை. வாயில் நீரும் தலைமயிரில் பூவும் கொண்டு ஓடும் திண்ணனாரை, இறைச்சியைப் பல்லால் அதுக்கிப் பார்த்து நல்ல துண்டைத் தேர்ந்தெடுக்கும் திண்ணனாரை நம் கண்முன் நிறுத்துகிறார். எதிரே நிற்கும் சிவகோசரியாரையும் அவர் கயவராக்கவில்லை. கோயில் தூய்மை கெட்டதே என்று உண்மையாகவே வருந்தும் நல்லவர் அவர். இரு நல்லவர்களின் அன்பு மோதுவதால்தான் அந்த ஆறு நாட்கள் நம்மைப் பற்றிக்கொள்கின்றன.

படங்கள் இங்கேதான் சறுக்கின என்பது என் கருத்து. 1954இல் அர்ச்சகர் வேடனைத் துன்புறுத்தும் கொடியவராகிவிட்டார். கொடியவன் ஒருவன் வந்துவிட்டால் மோதல் எளிதாகிவிடுகிறது. 1976இல் வேடன் முற்பிறவியில் அர்ச்சுனன் என்றார்கள். முன்செய் தவம் என்று சேக்கிழாரும் பொதுவாகக் கூறுவதுண்டு. ஆயினும் பாரத வீரனின் பெயரை ஒட்டியதும், காட்டு வேடன் ஒருவனின் தனிப்பெருமை சற்றே குறைந்து போகிறது.

2025ஆம் ஆண்டுப் படம் வேடனை முதலில் கடவுள் மறுப்பாளனாகக் காட்டுகிறது. பெரிய புராணத்துத் திண்ணனார் மறுத்தவர் அல்லர், அறியாதவர். எனினும் இன்றைய இளைஞனின் ஐயத்தைப் பழங்கதைக்குள் கொணரும் முயற்சி அது. அந்தத் துணிவை நான் வரவேற்கிறேன். ஆனால் நியூசிலாந்தின் மலைகள், மோகன்லால், அக்ஷய் குமார் என்று படம் விரிய விரிய, குடுமித்தேவரும் வேடனும் தனித்திருக்கும் நேரம் அருகிவிட்டது. அறிமுகமான கதையும் பெரிய நடிகர்களும் இருந்தும் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. 2012இல் டிஸ்னி நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ கதைகளை உடைய லூகாஸ் ஃபிலிமை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றுமுதல் அக்கதையைத் திரையில் திரும்பச் சொல்லும் உரிமை அந்த ஒரு வீட்டாருக்கே. அவர்கள் சலிப்பூட்டினால் வேறொருவர் வந்து திருத்திச் சொல்ல வழியில்லை. 1928இல் திரைக்கு வந்த மிக்கி எலியின் முதல் உருவமே 2024இல்தான் அமெரிக்காவில் பொதுச்சொத்தாயிற்று. திண்ணனாருக்கோ உடைமைக்காரர் எவரும் இல்லை. சேக்கிழார் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கன்னடத்தாரும் தெலுங்கரும் கேட்கவில்லை. நம் மன்றத்து நாடகக் குழுவினர் வரும் ஆண்டு விழாவுக்கு அந்த ஆறு நாட்களை மட்டும், சிவகோசரியாரை நல்லவராகவே வைத்து, ஒரு மணி நேர நாடகமாக்க விரும்பினால் அவர்களும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.