இறாலைப் புகையில் உலர்த்தலும் வீட்டில் சமைத்தலும்

மழைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணியளவில் புத்தளம் களப்பின் கரைக்குப் போனால் ஒன்றைக் காணலாம். காலையில் ஒரு விலை சொல்லிக்கொண்டிருந்த பெண், அதே இறாலைப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். ஐஸ் இல்லை. வெயிலும் இல்லை. விடிந்தால் இறால் கறுத்துவிடும் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தைக் கடற்றொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்காக நாம் எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்துக்கு வந்த குடும்பங்களிற் பல, மண்ணை நம்பி வாழ்ந்தவை. நெல்மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்து, காய்ந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள். 2009க்குப் பின் ஒரு பகுதியினர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். இங்கேயே வேர் விட்டவர்களும், இங்கொன்றும் அங்கொன்றுமாக இரண்டு அடுப்பு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கடல் தங்களுக்குப் புதிது என்று அவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இறாலை உலர்த்துவது கடலறிவு அல்ல, களத்துமேட்டு அறிவு. அதை நாமே ஒரு நட்டத்தின் வழியாகத்தான் கற்றுக்கொண்டோம்.

அந்த நட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து குடும்பங்களின் தாய்மாரைச் சேர்த்து, இறாலுக்குப் புகையூட்டும் முறையைப் புத்தகத்தில் வாசித்தபடி சொல்லிக்கொடுத்தோம். இறால் பொன்னிறமாக வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பொலித்தீன் பைகளில் இட்டு, மெழுகுதிரிச் சுவாலையில் வாயை ஒட்டி அடுக்கினோம். பத்தாம் நாள் பைகளின் உட்புறம் வியர்த்திருந்தது. பன்னிரண்டாம் நாள் வெண்பூஞ்சணம். ஒரு வயதான தாயார் பையைப் பிரித்து மணந்து பார்த்துவிட்டு, "பாதர், நெல்லைக் காயாம மூட்டை கட்டினா என்ன நடக்கும்? இதுவும் அதுதானே" என்றார். அது கடனுக்கு வாங்கிய இறால். அக்கடனை அடைக்க அவர்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை.

நிறத்தைப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று நினைத்ததுதான் எமது பிழை. நிறமும் மணமும் புகையிலிருந்து வருகின்றன. பூஞ்சணத்தையும் கிருமியையும் தடுக்கும் வேலையில் புகைக்குச் சிறு பங்கு உண்டு, பெரும் பங்கு உப்புக்கும் உலர்ச்சிக்கும்தான். புதிய இறாலில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு வரை நீர். அதைப் பதினைந்து பங்குக்குக் கீழே இறக்கினால்தான் அது வைப்பில் நிற்கும். வீட்டில் இதை அளக்க ஒரு தராசு போதும். ஐந்து கிலோ முழு இறால் வைத்தால், இறுதியில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ நின்றால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இறால் மீனைவிட விரைவாகப் பழுதாவது ஏன் என்று கேட்பதுண்டு. அதன் சமிபாட்டு உறுப்பு தலைக்குள் இருக்கிறது. செத்தவுடன் அங்குள்ள நொதியங்கள் அதன் சதையையே கரைக்கத் தொடங்குகின்றன. கறுப்பு விழுவதும் நொதியத்தின் வேலைதான், காற்றுப் பட்டால் கூடும். கொதிநீரில் போட்டால் நொதியம் அடங்கிவிடும். ஆகவே வாங்கிய உடனே அவிப்பதுதான் முதல் வேலை, புகை பிறகுதான்.

புகையும் உங்களுக்குப் புதிதல்ல. விதைச் சோளக் கதிரைக் குசினி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டவர்கள் நீங்கள். வன்னிப் பக்கத்தார் இறைச்சி வத்தலையும் அறிவார்கள். மேற்கு ஆபிரிக்காவில் மீனையும் இறாலையும் புகையில் உலர்த்தி விற்பது பெண்களின் பெருந்தொழில். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவை அடுத்து சோர்க்கோர் என்றொரு மீனவர் குடியிருப்பு உண்டு. அங்குள்ள பெண்கள் முன்னர் வட்டமான மண் அடுப்பையும் தகரப் பீப்பாயையும் வைத்துக் கண்ணெரிய வேலை செய்தார்கள். நாட்டின் உணவு ஆராய்ச்சி நிலையமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அப்பெண்களோடு சேர்ந்து அதைத் திருத்தி அமைத்தன. இன்று அந்த அடுப்பு ஊரின் பெயராலேயே பல நாடுகளில் அறியப்படுகிறது. சதுரச் சுவர், அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வலைத்தட்டுகள், அவ்வளவுதான். தட்டுகளின் அடுக்கே புகைபோக்கியாகிவிடுவதால் சூடும் புகையும் வீணாகாது, விறகும் மிஞ்சும்.

அதைச் சிறிதாக நாமும் கட்டலாம். உட்புறம் மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். களிமண் கிடைக்கும் இடத்தில் களிமண்ணால் எழுப்புங்கள். கற்பிட்டிப் பக்கத்து மணலில் அது நடக்காது, சீமெந்துக் கல்லை அடுக்கி இடைவெளியை மண்ணால் பூசிக்கொள்ளலாம். முன்புறம் விறகு வைக்க ஓர் அடி அகலத்தில் வாய் விடுங்கள். தட்டின் மரச்சட்டம் சுவரின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். உள்ளே நீட்டினால் நெருப்புப் பிடிக்கும். தட்டுக்குக் கம்பிவலையே அடியுங்கள். பழைய மீன்வலையை அடித்த ஒருவருக்கு நைலோன் உருகி இறாலோடு ஒட்டிக்கொண்டது. இடம் வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். குசினிக்குள் வைத்தால் தாயின் நெஞ்சுக்கும் குழந்தையின் கண்ணுக்கும் கேடு.

எரிபொருளுக்குத் தென்னந்தோட்டம் நிறைந்த இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. சூட்டுக்குச் சிரட்டை, புகைக்குச் சற்று ஈரமான பொச்சுமட்டை. கண்டல் மரத்தை வெட்ட வேண்டாம். கடலில் முட்டையிலிருந்து வரும் இறால் குஞ்சு களப்புக்குள் புகுந்து கண்டல் வேர்களுக்கிடையேதான் வளர்கிறது. அதை வெட்டி இறாலுக்குப் புகை போடுவது, விதைநெல்லை அவித்துத் தின்பது போன்றது. வர்ணம் பூசிய பலகை, பொலித்தீன், டயர் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

வேலை இவ்வாறு நடக்க வேண்டும். இறாலை நல்ல நீரில் இரண்டு முறை கழுவுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு இட்டுக் கொதிக்கவைத்து, இறாலைப் போட்டு, மீண்டும் கொதி வந்து சிவந்தபின் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். வடித்து, காற்றில் ஒரு மணித்தியாலம் மேலீரம் போகப் பரப்புங்கள். ஈரத்தோடு புகைக்குள் வைத்தால் கரி படிந்து கசக்கும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். முதல் ஒரு மணி நேரம் மெதுவான சூடு. எடுத்தவுடன் பெருந்தீ மூட்டினால் தோல் இறுகி, உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் போகும். எமது பொன்னிற இறாலுக்கு நடந்தது இதுதான். பின்னர் சூட்டைக் கூட்டி, அரை மணிக்கொரு தடவை அடித்தட்டை மேலும் மேல்தட்டைக் கீழுமாக மாற்றிக்கொள்ளுங்கள். சுவாலை தட்டைத் தொடக் கூடாது. சிறிய இறாலுக்கு நான்கைந்து மணித்தியாலம் பிடிக்கும். பெரியதை முதுகில் கீறிவிட்டு, அன்றும் மறுநாளும் வைக்க வேண்டியிருக்கும்.

போதுமா என்று அறிய, தட்டிலுள்ள மிகப் பெரிய இறாலை எடுத்து நடுவில் ஒடியுங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் மறுபடி அடுப்புக்கு. பிறகு தராசு.

வைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முற்றாக ஆறியபின்னரே மூடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைக் காற்றுப் புகாத பையில் அடைத்தால் பூஞ்சணம் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத நச்சுக் கிருமியும் உள்ளே வளரலாம். அந்த நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. நன்றாகக் காய்ந்ததைத் தகர டின்னில் அல்லது கண்ணாடிப் போத்தலில் வைக்கலாம். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரை மணி நேரம் அடுப்பில் காட்டுங்கள். கருவாட்டு வண்டின் புழு இருந்தாலும் அச்சூட்டில் செத்துவிடும். வண்டு வராமலிருக்கத் தோட்டத்து மருந்தைத் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மிளகாய்க்கு அடித்த மருந்து வீட்டு மூலையில் மிச்சம் இருப்பதால் கை அதை நாடுகிறது. ஒரு துளியும் வேண்டாம். உப்பிலும் சமையற் சூட்டிலும் அது போய்விடும் என்று நம்பக் கூடாது.

எந்த இறாலை வாங்குவது? களப்பு இறாலில் தலை இறுக்கமாக உடலோடு ஒட்டியிருந்தால் நல்லது. பண்ணை இறால் சில வேளைகளில் மிக மலிவாக வரும். 1996ல் வெண்புள்ளி நோய் இம்மாவட்டத்து இறாற் பண்ணைகளைப் பலமாகத் தாக்கியது. அதன் பின்னரும் அந்நோய் விட்டு விட்டு வந்திருக்கிறது. நோயைக் கண்டதும் அவசரமாகப் பிடித்து விற்பார்கள். அந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் உயிரோடு பிடித்ததையே வாங்குங்கள், செத்து மிதந்ததை விலை கேட்கவும் வேண்டாம். விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் முதலில் தங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசிவிடுவது நல்லது.

இனிச் சமையல். எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டாம் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம். உலர்ந்த இறாலின் எடையில் பாதிக்கு மேல் புரதம். வளரும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறு பிடி சேர்த்தாலே சோற்றின் தரம் மாறிவிடும். இறால் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிப்பவர்களுக்குப் புகையூட்டியதும் ஒத்துக்கொள்ளாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும், கறிக்கு வேறு உப்பும் வேண்டாம்.

கத்தரிக்காயோடு வைக்கும் குழம்பே எமக்குப் பிடித்தது. இரண்டு பிடி இறாலின் தலை, வால், கால்களைக் கிள்ளி, இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். தலைகளை எறிய வேண்டாம். சட்டியில் வறுத்து இடித்து வைத்தால் சொதிக்கு மணம் தரும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, கத்தரிக்காயை வதக்கி, கறித்தூளும் இறாலும் சேர்த்துக் கப்பிப்பால் விட்டு அவியுங்கள். காய் வெந்தபின் பழப்புளி கரைத்து விட்டு, இறக்கும்போது முதற்பால். உப்பை இறுதியில் ருசி பார்த்தே போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

காய்கறி இல்லாத நாளில் சம்பல் போதும். ஒரு பிடி இறாலை வெறுஞ்சட்டியில் மெல்லிய தீயில் மொறுமொறுவென வரும்வரை வறுத்து, நான்கு செத்தல் மிளகாயுடன் உரலில் இடித்து, சின்ன வெங்காயமும் அரை மூடித் தேங்காய்ப்பூவும் சேர்த்து மறுபடி இடித்து, தேசிக்காய்ப் புளி விடுங்கள். பிட்டுக்கும் ரொட்டிக்கும் ஐந்து பேருக்குக் காணும். தேங்காய்ப்பூ சேர்ந்ததால் மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.