மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்

கேள்வி: அண்ணாச்சி, குட்டியானை வைத்திருக்கிறேன். விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகத் தீப்பெட்டிக் கட்டு ஏற்றிக் கோவில்பட்டியில் இறக்குகிற வேலை. போன வருஷம் ஒரு பேட்டரி, இந்தத் தை மாசம் ஒரு பேட்டரி மாற்றியாச்சு. இப்போது அதுவும் காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. மதுரைக்கு லோடு போய்வந்த மறுநாள் மட்டும் உடனே எடுக்கிறது. டெர்மினல் அடிக்கடி வெள்ளையாகப் பூக்கிறது. பேட்டரி போச்சு என்கிறார் கடைக்காரர். டைனமோவை மாற்று என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். சில நூறு ரூபாயில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள்.

பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மதுரை போய்வந்தால் எடுக்கிறது என்றால், சார்ஜ் ஏறுகிறது, ஆனால் மெதுவாக ஏறுகிறது. ஊருக்கு ஊர் அணைத்து எடுக்கையில் செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு முறையும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது ஈடாகும் முன்பே அடுத்த ஊர் வந்துவிடும். இப்படி அரை வயிற்றோடே கிடக்கிற பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். போதாததற்கு நம் பக்கத்து வெயில்; சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஒருவரை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். டைனமோவின் தடித்த ஒயர் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையே 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அதை மாற்றச் சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

அடுத்த அளவுதான் முக்கியம். இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை டைனமோ உடம்பிலும், மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். 0.7, 0.8 என்று காட்டினால் அவ்வளவும் எர்த் ஒயரிலேயே தொலைகிறது, டைனமோ 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.4 தான் போய்ச் சேரும். என் சந்தேகம் இங்கேதான். ஐப்பசி மழையில் அப்பிய கரிசல் மண், எர்த் ஒயர் மாட்டிய சேசிஸ் போல்ட்டைச் சுற்றி இறுகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டையும் வளையத்தையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பாசிட்டிவ் பக்கத்து ஒயரையும் இதேபோல் அளந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் மேல்மூடி பிளாஸ்டிக்கில் மெல்ல இழுங்கள். மீட்டர் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால், மூடியில் படிந்த புழுதியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து ராத்திரி முழுக்கக் கரண்டைக் கசியவிடுகின்றன. மூடிகளை இறுக்கிவிட்டு ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். பேட்டரிக்குள் டிஸ்டில்டு வாட்டர் தவிர எதுவும் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பு தகட்டைக் கெடுத்துவிடும்.

டைனமோ முனையிலேயே 13.5க்குக் கீழே காட்டினால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். புழுதியில் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னினால் வழுக்கும். பெல்ட் நன்றாக இருந்தால் கார்பன், கட்டவுட், டயோடு என்று உள்ளே தனித்தனியாக மாற்றலாம். முழு டைனமோ வாங்க வேண்டியதில்லை.

வண்டி ஓடும்போது டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கிற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறிக் கட்டவுட்டையும் கம்ப்யூட்டரையும் எரித்துவிடும்.

எல்லாம் சரிசெய்த பின் பேட்டரியைக் கடையில் கொடுத்து, அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் நிதானமாக சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். காலியான பேட்டரியை நிரப்பும் வேலையை டைனமோவுக்குக் கொடுத்தால் அதுவும் சூடேறிக் கெடும். ஏற்றிய பேட்டரியை ஒரு ராத்திரி சும்மா வைத்து அளந்து பாருங்கள். 12.6 நின்றால் வண்டியில் மாட்டிவிடலாம். 12.4க்குக் கீழே இறங்கினால் வாரண்டி அட்டையோடு போய்க் கேளுங்கள். தை மாசம் வாங்கியதுதானே.