உணவு விடுதியும் மழலைக் குரலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

உண்ணும் இடத்தில் குழந்தை செய்யும் குறும்பைச் செல்வமாகக் கருதியது நம் தமிழ் மரபு. சோற்றில் கைவிட்டு மேலெல்லாம் சிந்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பெறாதவர்க்கு வாழ்வின் பயனே இல்லை என்னும் கருத்தைப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றின் 188ஆம் பாடலில் கூறுகிறான். ஆனால் அரசன் உண்டது தன் வீட்டில். பத்துக் குடும்பங்கள் அருகருகே அமர்ந்து, காசு கொடுத்து உண்ணும் விடுதியில் அதே பிள்ளை வீறிட்டு அழுதால் என் செய்வது? பிள்ளையை வெளியேற்றுவதா? மற்றவர் பொறுத்துக்கொள்வதா? இச்சிறு வினாவில் இயற்பியல் உண்டு, சட்டம் உண்டு, மனிதப் பண்பும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரு நிகழ்ச்சி

இவ்வினா எனக்கு நூலில் கிடைத்ததன்று. இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த நாளன்று அப்பா எங்களை ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் அந்தச் செலவு. உடன் அக்காவும் அவளுடைய ஒன்றரை வயது மகளும் வந்தனர். கூட்டம் மிகுதி. கேட்ட தோசை வர அரைமணி நேரமாயிற்று. குழந்தை அழத் தொடங்கியது. கல்லாவில் இருந்தவர், "ஏம்மா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியே போம்மா. நாலு பேர் சாப்பிடுற இடம்" என்றார். அக்கா எழுமுன்பே அப்பா எழுந்துவிட்டார். "நமக்கு எதுக்குடா தம்பி இந்த எடமெல்லாம்?" என்று அவர் மெல்லச் சொன்னார். எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் அழுகை நின்றது. பிள்ளையிடம் இருந்தது ஒழுக்கக் குறையன்று, பசி.

அழுகை ஏன் செவியைத் துளைக்கிறது?

பெரியவர் பேச்சில் ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 100 முதல் 150 ஹெர்ட்ஸ். பெண்குரலுக்கு 200 ஹெர்ட்ஸ் அளவு. கைக்குழந்தையின் அழுகையோ 400 முதல் 500 ஹெர்ட்ஸ் அளவில் எழுகிறது. அதன் மேற்சுரங்கள் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள்ளும் செல்கின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் எல்லை அதுவே. தாயை அழைப்பதற்கு இயற்கை கட்டிவைத்த மணி எனலாம். அடுத்த மேசைக்காரர் திடுக்கிட்டுத் திரும்புவது அவருடைய குற்றமும் அன்று.

கூடத்தின் பங்கு

ஆயினும் விடுதியின் இரைச்சலுக்குக் குழந்தை மட்டுமே காரணமன்று. 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்க வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் கண்ட விதி இன்றும் நம் பாடநூலில் உள்ளது. கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலி நின்றபின் அதன் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமே அது.

10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 240 கன மீட்டர். தரை, கூரை, சுவர் சேர்ந்த பரப்பு 248 சதுர மீட்டர். டைல்ஸும் சிமெண்டுப் பூச்சும் ஒலியை உட்கவரும் எண்ணை 0.03 எனக் கொண்டால், உட்கவர் பரப்பு 7.4 சதுர மீட்டரே. 30 பேர் அமர்ந்தால், ஆளுக்கு 0.4 வீதம், 12 கூடும். எதிர்முழக்க நேரம் ஏறத்தாழ 2 நொடி. ஒரு முறை டம்ளர் விழுந்த ஓசை அடங்குமுன் அடுத்த டம்ளர் விழுந்துவிடும்! கூரைக்கு மட்டும் 0.6 எண் கொண்ட ஒலி உட்கவர் பலகை அடித்தால் நேரம் 0.7 நொடியாகக் குறையும். கூடத்தில் நிறைந்து நிற்கும் ஓசையும் 4 டெசிபலுக்கு மேல் தணியும்.

இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எதியென் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். ஒருவர் உரக்கப் பேச, அடுத்தவர் அதைவிட உரக்கப் பேச, கூடமே சந்தைக்கடையாகிறது. அச்சந்தையில் மிரண்டுதான் பல குழந்தைகள் அழத் தொடங்குகின்றன.

"பிள்ளையோடு கடைசி மேசைக்குப் போங்கள்" என்பதும் பெரும்பாலும் பயன் தராது. வெட்டவெளியில் தொலைவு இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் குறையும். எதிர்முழக்கம் மிகுந்த கூடத்திலோ, சில அடிகளுக்கு அப்பால் எல்லா இடத்திலும் ஓசை ஏறக்குறைய ஒன்றே.

சட்டம் கூறுவது

நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடை, உணவு விடுதி முதலிய இடங்களில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அப்பட்டியலில் வயது இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், சேவைகளில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான காப்பினை 18 வயது நிரம்பியவர்க்கே தருகிறது. ஆயினும் பாலூட்டுவதைக் காரணமாக்கித் தாயை வெளியேறச் சொல்வது அங்கே சட்டவிரோதம்.

தென்கொரியாவில் குழந்தைகளை அனுமதியாத விடுதிகள் பெருகின. ஜேஜு தீவில் 13 வயதுக்கு உட்பட்டோரை ஏற்காத ஒரு விடுதி பற்றிய முறையீட்டை விசாரித்த அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம், அது பாகுபாடே என 2017 நவம்பரில் கூறியது. அதன் சொல் பரிந்துரையே அன்றிக் கட்டளையன்று. எனினும் அதிலிருந்து நாம் ஒரு வேறுபாட்டைக் கற்கலாம். "இச்செயலை நிறுத்துங்கள்" என்பது விதி. "உங்களைப் போன்றோர் வராதீர்" என்பது விலக்கு. விலக்கப்பட்ட நினைவுள்ள தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. முதலாளி பிள்ளையின் சத்தத்தை மட்டுமே எண்ணிப் பேசியிருக்கலாம். அப்பாவின் காதில் விழுந்தது வேறு.

அவரவர் கடமை

பெற்றோர்: குழந்தை அடங்காமல் அழுதால் இரண்டு நிமிடம் வாசலுக்குத் தூக்கிச் செல்வது பிறர்க்குச் செய்யும் மரியாதை. அழுகையை அடக்கக் கைப்பேசியை உரக்க ஓடவிடுவது ஒரு சத்தத்துக்கு இன்னொரு சத்தம். பிள்ளையை நடைவழியில் ஓடவிடுவது இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு. கொதிக்கும் சாம்பார் வாளியோடு வரும் சர்வரின் முழங்கால் உயரமே அப்பிள்ளை. வாளி சரிந்தால் வருத்தம் வாழ்நாள் முழுவதும் தீராது.

விடுதியார்: குழந்தையோடு வந்த மேசைக்கு, கேட்குமுன்பே ஓர் இட்லியை முதலில் வைக்கலாம். கூரையைக் கவனிக்கலாம். சொல்ல வேண்டியதைக் கல்லாவிலிருந்து கூவாமல் அருகில் வந்து சொல்லலாம்.

பிற உண்போர்: முறைத்துப் பார்ப்பதால் எக்குழந்தையும் அழுகையை நிறுத்தியதில்லை, தாய்தான் குன்றிப்போகிறாள்.

முடிவுரை

சென்ற பொங்கல் விடுமுறையில் அப்பாவை வற்புறுத்தி வேறொரு விடுதிக்கு அழைத்துச் சென்றேன். சிறிய விடுதி. வயதான சர்வர் ஒருவர் எங்களிடம் எதுவும் கேட்குமுன் சின்னத் தட்டில் ஓர் இட்லியும் சீனியும் கொண்டுவந்து, "பாப்பா முதல்ல சாப்பிடட்டும், நீங்க மெதுவா சொல்லுங்க" என்றார். அக்கா மகள் மேசையெல்லாம் இட்லியைச் சிந்தினாள், அழவில்லை. அப்பா இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். சபைனின் விதி கூடத்தைத் திருத்தும். சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வந்தவரை உட்கார வைப்பது அந்த ஓர் இட்லிதான்.