அமெரிக்காவில் யார் பெரியவர்? ஜனாதிபதியா, கவர்னரா?

போன வாரம் குடிமையியல் வகுப்பு முடிஞ்சதும் எங்க பெஞ்சுல ஒரு சண்டை. "அமெரிக்க ஜனாதிபதி நினைச்சா எந்தக் கவர்னரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றான் என் நண்பன். "முடியாது" என்றேன் நான். பந்தயம் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். அதற்காக நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் நாட்டில் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அங்கே அப்படி இல்லை. கவர்னரை அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம முதலமைச்சர் பார்க்கிற வேலையைத்தான் அங்கே கவர்னர் பார்க்கிறார்.

இதற்குக் காரணம் பழைய கதை. பிரிட்டனிடமிருந்து விடுபட்ட 13 மாநிலங்களும் தனித்தனி நாடு மாதிரி இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்த மத்திய அரசுக்கு வரி போடக்கூட அதிகாரம் கிடையாது. காசில்லாத அரசாங்கம் எப்படி நடக்கும்? அதனால் 1787-ல் பிலடெல்பியா நகரில் கூடிப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். ராணுவம், நாணயம், வெளிநாட்டு உறவு, தபால் எல்லாம் மத்திய அரசுக்கு. மத்திய அரசுக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்குத் தடை செய்யாத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791-ல் பத்தாவது திருத்தம் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக அரசியல் சட்டம், சட்டசபை, நீதிமன்றம் உண்டு.

மத்தியில் சட்டம் செய்வது காங்கிரஸ். (இது கட்சி இல்லை, நாடாளுமன்றத்தின் பெயர்!) அதில் இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், மக்கள் தொகைக்கு ஏற்றபடி. செனட்டில் 100 பேர், மாநிலத்துக்கு இரண்டு பேர். மூன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் இரண்டு, ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சின்ன மாநிலங்கள் இதைக் கேட்டு வாங்கித்தான் ஒப்பந்தத்துக்கே வந்தன.

சரி, மத்திய அரசும் மாநிலமும் மோதினால் என்ன ஆகும்? நான் படித்ததிலேயே மனதைத் தொட்ட இடம் இதுதான்.

1954-ல், கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் தனித்தனி அரசுப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பள்ளி மாநிலத்தின் கையில் இருக்கலாம், ஆனால் எல்லாரையும் சட்டம் சமமாகக் காக்க வேண்டும் என்ற பதினான்காவது திருத்தம் மாநிலத்தையும் கட்டுப்படுத்தும்.

1957 செப்டம்பர் 4. அர்கன்சாஸ் மாநிலம், லிட்டில் ராக் நகரம். சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் வந்தார்கள். கவர்னர் ஓர்வல் ஃபாபஸ் தன் மாநிலத்தின் நேஷனல் கார்டு படையைத் துப்பாக்கியோடு வாசலில் நிறுத்தித் தடுத்துவிட்டார். எலிசபெத் எக்ஃபோர்டு என்ற 15 வயதுப் பெண் தனியாக வந்திருந்தாள். எல்லாரும் சேர்ந்து போகலாம் என்ற செய்தி அவளுக்குப் போய்ச் சேரவில்லை, வீட்டில் போன் இல்லை. கூட்டம் பின்னாலேயே கத்திக்கொண்டு வர, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் நடந்து போய் உட்கார்ந்தாள். நம்ம வயசுதானே!

நீதிமன்றம் தலையிட்டதும் கவர்னர் படையை விலக்கிக்கொண்டார். 23-ஆம் தேதி ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். வெளியே கூட்டம் வெறி பிடித்து நின்றதால் நடுவிலேயே போலீஸ் அவர்களைப் பத்திரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் ஜனாதிபதி ஐசனோவர் இரண்டு காரியம் செய்தார். கவர்னரிடமிருந்த நேஷனல் கார்டு படையை மத்திய அரசின் கட்டளைக்குள் எடுத்துக்கொண்டார். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கூடவே ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். 25-ஆம் தேதி காலை, ராணுவ வீரர்கள் சூழ, ஒன்பது பேரும் படியேறி வகுப்புக்குப் போனார்கள். மே 1958-ல் அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் அங்கே படித்துப் பட்டயம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர் ஆனார்.

ஃபாபஸ் சும்மா இருக்கவில்லை. தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று மாநிலம் வாதாடியது. 1958 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒவ்வொருவராகப் பெயர் போட்டு "கட்டுப்படுத்தும்" என்று எழுதினார்கள். அவரோ நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே அந்த வருஷம் பூட்டிவிட்டார்! அதற்கு வழி செய்த மாநிலச் சட்டமும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 1959 ஆகஸ்டில்தான் மறுபடி திறந்தார்கள்.

இவ்வளவு நடந்தும் ஜனாதிபதியால் ஃபாபஸைப் பதவியிலிருந்து இறக்க முடிந்ததா? இல்லை. படையை வாங்கிக்கொள்ள முடிந்தது, நாற்காலியைத் தொட முடியவில்லை. அர்கன்சாஸ் மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1967 ஜனவரி வரைக்கும் அவர்தான் கவர்னர்.

நண்பா, கடலை மிட்டாய் எங்கே?